ஜான்சியில் சிக்கிய 'ஜேசன்'

விமானம் ஓட்டுவதில் எது கஷ்டம் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மேலே கிளம்புவது என்பீர்கள். மேகத்துக்குள் புகுந்து வெளியே வருவது என்பீர்கள். ஆனால் பழைய காலத்துக் குட்டி விமானங்களை ஓட்டியவர்களைக் கேட்டால் வேறு பதில் கிடைக்கும். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு, வண்டி நிற்கும் வரை அதை நேராக ஓடச் செய்வதுதான் பெரும்பாடு!

அந்தப் பாட்டை இந்தியாவிலும் பர்மாவிலும் பட்ட ஒரு பெண்ணின் கதையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள். பெயர் எமி ஜான்சன். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா வரை தன்னந்தனியாக விமானம் ஓட்டிச் சென்ற முதல் பெண் அவர்தான்.

இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ஹல் என்று ஒரு துறைமுக ஊர். நம் தூத்துக்குடி மாதிரி மீன் வாடை வீசும் ஊர். அங்கே 1903 ஜூலை 1-ம் தேதி எமி பிறந்தார். அப்பா மீன் வியாபாரி. நான்கு பெண் குழந்தைகளில் எமிதான் மூத்தவர். பள்ளியில் படிக்கும்போது கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டு முன்பல் உடைந்து போனது. மற்ற பிள்ளைகள் கேலி செய்தார்கள். அதிலிருந்து எமி அதிகம் பேசாமல் ஒதுங்கி இருக்கும் பெண்ணாகி விட்டார்.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார். பிறகு லண்டனுக்குப் போய் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். சம்பளம் கொஞ்சம்தான். 1928-ல் ஸ்டேக் லேன் என்ற இடத்தில் இருந்த விமான கிளப்பைப் பார்த்தார். அவ்வளவுதான், ஆசை பிடித்துக்கொண்டது. பயிற்சியில் சேர்ந்துவிட்டார்.

எமி உடனே வெளுத்து வாங்கிவிட்டார் என்று நினைக்காதீர்கள். மற்றவர்கள் எட்டு, பத்து மணி நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறந்து காட்டுவார்கள். எமிக்கு ஏறக்குறைய 16 மணி நேரம் ஆனது. அதிலும் தரை இறங்குவதுதான் அவருக்குச் சரியாக வரவே இல்லை. 'தொம்' என்று வந்து விழுவார்!

ஆனால் அந்த மாணவியிடம் இன்னொரு குணம் இருந்தது. பறந்து முடித்ததும் மற்றவர்கள் தேநீர் குடிக்கப் போவார்கள். எமி நேராக விமானக் கொட்டகைக்குப் போவார். கையெல்லாம் கிரீஸாக, மெக்கானிக்குகளோடு சேர்ந்து என்ஜினைக் கழற்றி மாட்டுவார். முதலில் முகம் சுளித்த மெக்கானிக்குகள் பிறகு அவரைத் தங்களில் ஒருவராகவே சேர்த்துக் கொண்டார்கள். விமானங்களைப் பழுது பார்க்கும் தரைப் பொறியாளர் உரிமத்தை 1929-ல் வாங்கினார். பிரிட்டனில் அந்த உரிமம் பெற்ற முதல் பெண் அவர்தான். இது பின்னால் எவ்வளவு உதவப் போகிறது என்று பாருங்கள்.

ஆஸ்திரேலியா போக விமானம் வேண்டுமே? 600 பவுண்டுக்கு ஒரு பழைய 'ஜிப்ஸி மாத்' விலைக்கு வந்தது. பாதிப் பணத்தை அப்பா கொடுத்தார். மீதிப் பாதியை வேக்ஃபீல்டு பிரபு என்ற எண்ணெய் வியாபாரி கொடுத்தார். கரும்பச்சை நிற விமானம், வெள்ளி நிற எழுத்துகள். அப்பாவின் மீன் கம்பெனி முத்திரைப் பெயரான 'ஜேசன்' என்பதையே விமானத்துக்கும் வைத்தார் எமி.

இனி கொஞ்சம் ஜேசனைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவோம். அதைப் பார்க்காவிட்டால் கதையின் மீதி புரியாது.

மேலே ஒரு இறக்கை, கீழே ஒரு இறக்கை. சட்டமெல்லாம் மரம். மேலே போர்த்தியிருப்பது துணி! துணி விறைப்பாக நிற்பதற்காக ஒரு வகை வார்னிஷ் பூசியிருப்பார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுமார் 9 மீட்டர் நீளம். என்ஜின் 100 குதிரை சக்தி. மணிக்குச் சுமார் 135 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இன்றைக்கு நம் நாற்கர சாலையில் போகும் சில கார்கள் அதைவிட வேகமாகப் போகின்றன. மேலே கூரை கிடையாது. ரேடியோ கிடையாது. எமியின் கையில் இருந்தது வரைபடமும் திசைகாட்டியும்தான்.

முக்கியமான விஷயம் சக்கரங்கள். என்ஜினுக்குக் கீழே முன்பக்கம் இரண்டு சக்கரங்கள். வால் பக்கம் சக்கரமே இல்லை. ஒரு கட்டைதான் உண்டு. இறங்கியதும் அந்தக் கட்டை புல் தரையை ஏர்க்கொழு மாதிரி கீறிக்கொண்டே வந்து வேகத்தைக் குறைக்கும். பிரேக்கும் கிடையாது. அந்தக் கட்டைதான் பிரேக்!

இறகுப்பந்து விளையாடியிருக்கிறீர்கள் அல்லவா? ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். இறகுப் பக்கம் முன்னால் இருக்கும்படி பந்தை எறியுங்கள். என்ன ஆகிறது? நடு வழியிலேயே பந்து சட்டென்று திரும்பி, கனமான கட்டைப் பக்கம் முன்னால் வந்துவிடும். கனமான பாகம் முன்னால் ஓடப் பார்க்கும். காற்று பிடித்து இழுக்கும் பாகம் பின்னால் தங்கிவிடும்.

ஜேசன் மாதிரி விமானம் தரையில் ஓடும்போது, இறகை முன்னால் வைத்து எறிந்த பந்து மாதிரிதான். தரையைப் பிடிக்கும் சக்கரங்கள் முன்னால் இருக்கின்றன. விமானத்தின் கனமெல்லாம் கூடி நிற்கும் இடம், சக்கரங்களுக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கிறது. நேராக ஓடும் வரை தொல்லை இல்லை. மூக்கு கொஞ்சம் இடது பக்கம் திரும்பிவிட்டால் போதும், பின்னால் இருக்கும் கனம் முந்திக்கொண்டு வரப் பார்க்கும். வால் வலது பக்கமாக வீசும். வால் வீச வீச மூக்கு இன்னும் திரும்பும். மூக்கு திரும்பத் திரும்ப வால் இன்னும் வேகமாக வீசும். கண் மூடித் திறப்பதற்குள் விமானம் பம்பரமாகச் சுற்றி, இறக்கை தரையில் இடித்து, சக்கரக் கால்கள் மடங்கி உட்கார்ந்துவிடும். விமானிகள் இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திருப்பிச் சரி செய்ய வாலில் சுக்கான் இருக்கிறதே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி! விமானி காலால் மிதித்துத் திருப்பும் சுக்கான் அது. ஆனால் அதன் மேல் காற்று வேகமாகப் பட்டால்தான் அது வேலை செய்யும். இறங்கிய பிறகு வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுக்கானில் படும் காற்றும் குறையும். எப்போது அது மிகவும் தேவையோ, அப்போதுதான் அது கையை விரித்துவிடும்!

பக்கக் காற்று அடித்தால் இன்னும் மோசம். ஆனி, ஆடி மாதங்களில் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் மேற்கு மலையிலிருந்து ஒரு காற்று இறங்கி வருமே, அதில் குடையை விரித்துப் பிடித்திருக்கிறீர்களா? குடை உங்களையே திருப்பிவிடும். விமானத்தின் வாலைக் காற்று அப்படித்தான் திருப்பும்.

போதாக்குறைக்கு, வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிற்பதால் விமானிக்கு முன்னால் இருப்பது தெரியாது. இடது பக்கமும் வலது பக்கமும் தலையை நீட்டி எட்டிப் பார்த்தே ஓட்ட வேண்டும். இறங்கும் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். தென்காசி ரோட்டில் போகும் பஸ்ஸின் வேகம்! பிரேக் இல்லாத பஸ்ஸை, முன்னால் பார்க்காமல், காலி மைதானத்தில் ஓட்டுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1930 மே 5. லண்டனை அடுத்த கிராய்டன் விமான நிலையத்தில் ஒரு சிறு கூட்டம். எமிக்கு வயது 26. அதுவரை அவர் பறந்தது எல்லாம் சேர்த்து நூறு மணி நேரம்கூட இல்லை. தனியாகச் சென்ற மிக நீண்ட பயணம் லண்டனிலிருந்து ஹல் வரைதான். இப்போது போக வேண்டியதோ சுமார் 18,000 கிலோமீட்டர். திருநெல்வேலியிலிருந்து சென்னைக்குப் போவதைப் போல ஏறக்குறைய முப்பது மடங்கு! பெர்ட் ஹிங்க்லர் என்ற ஆஸ்திரேலியர் 1928-ல் இதே பயணத்தைப் பதினைந்தரை நாளில் முடித்திருந்தார். அதை முறியடிக்க வேண்டும் என்பது எமியின் ஆசை.

வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ என்று வேகமாகப் போனார். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல். கண் தெரியவில்லை. பாலைவனத்தில் எப்படியோ இறங்கிவிட்டார். இறங்கினால் போதுமா? காற்று விமானத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. பெட்டிகளை எடுத்துச் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்தார். புயல் ஓயும் வரை வால் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார், கையில் துப்பாக்கியோடு! பாக்தாத்தில் இறங்கியபோது சக்கரத்தைத் தாங்கும் கம்பி உடைந்தது. இரவோடு இரவாகச் சரி செய்துகொண்டு கிளம்பினார்.

மே 10-ம் தேதி கராச்சியில் இறங்கியபோது உலகமே அவரைத் திரும்பிப் பார்த்தது. இப்போது பாகிஸ்தானில் இருக்கும் கராச்சி, அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஊர். ஆறே நாளில் வந்துவிட்டார். ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால்! கிளம்பும்போது பேசாமல் இருந்த பத்திரிகைகள் இப்போது முதல் பக்கத்தில் எமி படம் போட்டன.

மறுநாள் அலகாபாத் வரை ஒரே மூச்சில் போவதாகத் திட்டம். வழியிலேயே பெட்ரோல் குறைந்துவிட்டது. அலகாபாத்துக்கு இன்னும் முன்னூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. கீழே தெரிந்த ஊர் ஜான்சி. ஆமாம், ராணி லட்சுமிபாயின் அதே ஜான்சிதான். அங்கே ராணுவ வீரர்கள் அணிவகுப்பு நடத்தும் மைதானம் தெரிந்தது. வேறு வழியில்லை, இறங்கினார்.

மே மாத வெயிலில் காய்ந்து இறுகிப் போன தரை. அப்படிப்பட்ட தரையில் வால்கட்டைக்குப் பிடி கிடைக்காது. மைதானமும் சிறியது. ஜேசன் நிற்கவே இல்லை. மரங்களுக்கு நடுவே வளைந்து ஓடியது. வீரர்கள் நாலா பக்கமும் சிதறி ஓடினார்கள். ஒரு அறிவிப்புப் பலகையில் இறக்கை மோதியது. கடைசியில் வீரர்கள் தங்கும் கட்டடங்கள் இரண்டுக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டு நின்றது. விமானம் முழுதாகச் சுற்றிவிடவில்லை, எமிக்கும் அடி இல்லை. ஆனால் இறக்கை உடைந்துவிட்டது.

இன்று ஒரு விமானத்தின் இறக்கை உடைந்தால் கம்பெனிக்குத் தகவல் போய், நிபுணர்கள் வந்து, பல நாள் ஆகும். அன்று யார் வந்தார் தெரியுமா? ஊர்த் தச்சர்! மரச்சட்டம்தானே? அவர் உடைந்த பாகத்துக்கு மரம் செதுக்கிப் பொருத்திக் கொடுத்தார். ஜேசன் மீண்டும் பறக்கத் தயார்.

தச்சர் விமானத்தைச் சரி செய்தார் என்பது அந்தக் காலத்தில் அதிசயம் இல்லை. நம் சென்னையில் 1910-லேயே ஒரு விமானம் உருவானது. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவருக்கு ஆசை. அதைச் செய்து கொடுத்தது சிம்ப்சன் கம்பெனி. அவர்கள் குதிரை வண்டிகள், கோச்சுகள் செய்கிறவர்கள். மரவேலை தெரிந்தவர்கள். அந்த விமானம் அதே ஆண்டு மார்ச் மாதம் பல்லாவரத்தில் பறந்தது. பிற்காலத்தில் அந்தச் சிம்ப்சன் கம்பெனிக்குத் தலைவராக வந்தவர் யார்? நம் ஆழ்வார்குறிச்சியில் பிறந்த அனந்தராமகிருஷ்ணன்! இது பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள்.

எமியிடம் திரும்புவோம். அலகாபாத், கல்கத்தா தாண்டி மே 13-ம் தேதி ரங்கூனை நெருங்கினார். பர்மாவில் பேய் மழை. ரங்கூனில் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்க ஏற்பாடு. மழையில் அது கண்ணில் படவில்லை. பக்கத்தில் இன்சீன் என்ற ஊரில் ஒரு விளையாட்டு மைதானம் தெரிந்தது. அதுதான் என்று நினைத்து இறங்கிவிட்டார். ஈரப் புல்லில் வழுக்கிக்கொண்டே போன ஜேசன், மைதான ஓரத்துப் பள்ளத்தில் மூக்கைக் குத்தியது. காற்றாடி நொறுங்கியது. சக்கரக் கால் வளைந்தது. இறக்கைத் துணி கிழிந்து தொங்கியது.

எமி அழுதுவிட்டார். அழமாட்டாரா பின்னே? ஹிங்க்லரை முந்திக்கொண்டிருந்த இரண்டு நாளும் அந்தப் பள்ளத்தில் போய்விட்டன.

ஆனால் பாருங்கள், அவர் இறங்கியது ஒரு தொழில்நுட்பப் பள்ளியின் மைதானம்! மாணவர்களும் ஆசிரியர்களும் ஓடி வந்தார்கள். உடைந்த மரத்துண்டுகளைப் பார்த்துப் பார்த்துப் புதிதாகச் செய்தார்கள். இரும்புக் கம்பிகளை நிமிர்த்தினார்கள். காற்றாடிக்குக் கவலை இல்லை, எமி உபரியாக ஒன்றை விமானத்தில் கட்டி எடுத்து வந்திருந்தார். துணிக்கு எங்கே போவது? முதல் உலகப் போர் முடிந்தபோது மிஞ்சிய விமானத் துணியை வாங்கிச் சிலர் சட்டை தைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டைகளைத் தையல் பிரித்து இறக்கையில் ஒட்டினார்கள்! பூசுகிற வார்னிஷை உள்ளூர் மருந்துக் கடைக்காரர் கலக்கிக் கொடுத்தார். எமியும் கூடவே நின்று வேலை செய்தார். விமானக் கொட்டகையில் கிரீஸ் பூசிக்கொண்டு கற்றது எல்லாம் இங்கே கைகொடுத்தது. மே 16-ம் தேதி, யார் யாரோ போட்டிருந்த சட்டைகளை இறக்கையில் போர்த்திக்கொண்டு ஜேசன் பாங்காக்குக்குப் பறந்தது.

ஜாவாவில் ஒரு கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது மூங்கில் குச்சிகள் இறக்கையைக் குத்திக் கிழித்தன. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வாங்கி இறக்கையில் ஒட்டினார். திமோர் தீவில் ஒரு நாள் முழுக்க எமியைப் பற்றித் தகவலே இல்லை. கடலில் விழுந்திருப்பாரோ என்று உலகம் பயந்தது. அவரோ ஒரு குக்கிராமத்து வயலில் பத்திரமாக இறங்கியிருந்தார். பிறகு 800 கிலோமீட்டர் வெறும் கடல். மே 24-ம் தேதி ஆஸ்திரேலியாவின் டார்வினில் ஜேசன் தரையைத் தொட்டது.

பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கவில்லை. ரங்கூன் பள்ளம் இல்லாதிருந்தால் முறியடித்திருப்பாரோ என்று கேட்டால், பள்ளத்துக்குப் பிறகும் தாமதங்கள் இருந்தன. அதனால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கூட்டம் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. எமிக்காகப் பாட்டுகள் எழுதினார்கள். ஒரு லண்டன் பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்தது.

ஐந்து நாள் கழித்து, மே 29. பிரிஸ்பேனில் எமியைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியிருந்தது. எமி தூக்கமில்லாமல் களைத்துப் போயிருந்தார். மைதானத்தைத் தாண்டி இறங்கிய ஜேசன் வேலியில் மோதித் தலைகீழாகக் கவிழ்ந்தது! கூட்டம் அலறியது. தொங்கிக்கொண்டிருந்த எமி கீறல் இல்லாமல் வெளியே வந்து சிரித்தார். ஆனால் அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் அவரை விமானம் ஓட்ட விடவில்லை. பயணியாக உட்கார வைத்துத்தான் ஊர் ஊராக அழைத்துப் போனார்கள்.

சிட்னியில் பள்ளிக் குழந்தைகள் காசு சேர்த்து அவருக்குப் பரிசு கொடுத்தார்கள். எமி அந்தப் பணத்தில் ஒரு தங்கக் கோப்பை செய்யச் சொன்னார். தன் ஊரான ஹல்லில் வீரச் செயல் செய்யும் சிறுவர் சிறுமியருக்கு அதைப் பரிசாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார்.

அதற்குப் பிறகும் எமி நிறையப் பறந்தார். 1931-ல் ஜப்பான் போனார். 1932-ல் ஜிம் மோலிசன் என்ற விமானியைத் திருமணம் செய்துகொண்டார். அதே வருடம் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து, கணவரின் சாதனையையே முறியடித்தார்! 1933-ல் இருவரும் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போனார்கள். நியூயார்க்குக்கு மிக அருகில் பெட்ரோல் தீர்ந்து, பிரிட்ஜ்போர்ட்டில் இருட்டில் இறங்கி, விமானம் கவிழ்ந்து இருவருக்கும் காயம். 1934-ல் இங்கிலாந்து - ஆஸ்திரேலியா விமானப் பந்தயம். கராச்சி வரை இவர்கள்தான் முதல். பிறகு வழி தவறி ஜபல்பூரில் இறங்கினார்கள். அங்கே கிடைத்த சாதாரண பெட்ரோலை ஊற்றியதில் என்ஜின் கெட்டு, அலகாபாத்தோடு பந்தயம் முடிந்தது. 1930-ல் அலகாபாத்துக்கு முன்னால் பெட்ரோல் போதாமல் ஜான்சியில் இறங்கினார். நான்கு வருடம் கழித்து அலகாபாத்திலேயே நிற்க வேண்டி வந்தது. அந்தப் பகுதியோடு எமிக்கு என்ன ராசியோ!

இரண்டாம் உலகப் போர் வந்தது. புது விமானங்களைத் தொழிற்சாலையிலிருந்து படைத் தளங்களுக்கு ஓட்டிச் சென்று ஒப்படைக்கும் அமைப்பில் 1940-ல் எமி சேர்ந்தார். 1941 ஜனவரி 5. குளிர், மூடுபனி. ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் போக வேண்டிய விமானம் வழி தவறி, பல மைல் தள்ளி, தேம்ஸ் நதி கடலில் கலக்கும் இடத்துக்கு வந்துவிட்டது. எமி பாராசூட்டில் குதித்தார். கீழே உறைய வைக்கும் தண்ணீர். பக்கத்தில் இருந்த ஹேசில்மியர் என்ற கப்பலின் தலைவர் வால்டர் ஃபிளெட்சர், தயங்காமல் கடலில் குதித்தார். எமியைக் காப்பாற்ற முடியவில்லை. குளிரில் விறைத்து ஃபிளெட்சரும் இறந்தார். எமியின் உடல் கிடைக்கவே இல்லை. அப்போது அவருக்கு வயது 37.

இப்போதைய பயணிகள் விமானங்களில் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முக்கியச் சக்கரங்கள் பின்னால் தள்ளி, கனத்துக்குப் பின்னால் இருக்கும். சரியான பக்கம் எறிந்த இறகுப்பந்து மாதிரி! அதனால் வால் முந்திக்கொண்டு வராது. வாலில் சக்கரம் உள்ள விமானங்கள் இன்றும் சில உண்டு. அவற்றை ஓட்டத் தனியாகப் பயிற்சி எடுக்கிறார்கள்.

ஜேசன் பத்திரமாக இருக்கிறது. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். எப்போதாவது அங்கே போனால் முதலில் வால் பக்கம் போய்க் குனிந்து அந்தக் கட்டையைப் பாருங்கள்.